ரூமர்ஸ்: திட்டு வாங்கியவரே பின்பாட்டு பாடிய ஆல்பம்

கேள்வி இது: ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ (வதந்திகள்) ஆல்பம் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் குழுவுக்குள் நடந்த காதல் முறிவுகளைத்தான் முதலில் சொல்கிறார்கள். அந்தக் கதைகள் இல்லாமல் இருந்தால் இவ்வளவு விற்றிருக்குமா? பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

விற்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வம்புக்காக ஒரு ரெக்கார்டை வாங்குகிறவர் ஒரு தடவை கேட்பார், இரண்டு தடவை கேட்பார், அப்புறம் அலமாரியில் வைத்துவிடுவார். இதை வாங்கியவர்கள் தேயத் தேயக் கேட்டார்கள். அதே நேரம், அந்த முறிவுகளைத் தள்ளிவிட்டும் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. யாரைக் குறித்துப் பாட்டு எழுதப்பட்டதோ, அவரே பக்கத்தில் நின்று அதற்கு வாசித்திருக்கிறார், பின்பாட்டும் பாடியிருக்கிறார். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1967ல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கிய குழு இது, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸை வாசித்தது. குழுவின் பெயர் ட்ரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயரிலிருந்து வந்தது. கிட்டார்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள், அந்த இருவர் மட்டும் நிலைத்து நின்றார்கள். ஜானின் மனைவி கிறிஸ்டீன் மெக்வீ கீபோர்ட் வாசிக்கவும் பாடவும் வந்து சேர்ந்தார். 1974ன் கடைசியில் அவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள், அப்போதைய கிட்டார்காரரும் குழுவை விட்டுப் போகிற நேரம். மிக் ஒரு ஸ்டுடியோவைப் பார்க்கப் போனார். ஸ்டுடியோ எப்படி ஒலிக்கும் என்று காட்டுவதற்காக அங்கே ஒரு பாட்டைப் போட்டார்கள். அதில் கிட்டார் வாசித்தவர் லிண்ட்சி பக்கிங்ஹாம். அவரை மட்டும் கூப்பிட்டார் மிக். என் காதலி ஸ்டீவி நிக்ஸும் வந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார் லிண்ட்சி. ஸ்டீவி அப்போது உணவகத்தில் பரிமாறியும் வீடுகளைச் சுத்தம் செய்தும் இருவருடைய செலவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஐந்து பேரும் சேர்ந்து 1975ல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குக் குழுவின் பெயரையே வைத்தார்கள். ஊர் ஊராகப் போய் வாசித்து அதை மெல்ல மெல்ல மேலே ஏற்றினார்கள். வெளியாகி ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, 1976 செப்டம்பரில்தான் அது அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டது. ‘ரூமர்ஸ்’ ஒன்றும் திடீர் வெற்றி இல்லை. அது வெளிவருவதற்கு முன்பே லட்சக்கணக்கான பேர் அதற்காகக் காத்திருந்தார்கள்.

ஆனால் அந்த வருடப் பயணங்களில் வீடுகள் உடைந்தன. ஜானும் கிறிஸ்டீனும் பிரிந்தார்கள். லிண்ட்சியும் ஸ்டீவியும் பிரிந்துகொண்டிருந்தார்கள். மிக்கின் திருமணமும் முறிந்துகொண்டிருந்தது. 1976ன் தொடக்கத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் வருகிற சாசலிட்டோ என்ற சிறு ஊரில், ரெக்கார்ட் பிளான்ட் என்ற மரக் கட்டட ஸ்டுடியோவில் கூடினார்கள். ஜன்னல் இல்லாத அறைகள். பகலா இரவா என்று தெரியாது. பெண்கள் இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியே தங்கினார்கள், ஆண்கள் மலைமேல் இருந்த ஒரு வீட்டில். வேலை விடியற்காலை வரை நீளும். மதுவும் கொக்கேனும் தாராளமாகப் புழங்கின. அதை மறைப்பதற்கும் ஒன்றுமில்லை, கொண்டாடுவதற்கும் ஒன்றுமில்லை.

இப்போது பாட்டுகளைப் பாருங்கள். ஸ்டீவி தன்னை விட்டுப் போனதைப் பற்றி லிண்ட்சி ‘கோ யுவர் ஓன் வே’ எழுதினார். அதில் ஒரு வரி தன்னைப் பற்றிச் சொல்வது பொய் என்று ஸ்டீவி ஆட்சேபித்தார், எடுத்துவிடச் சொன்னார். லிண்ட்சி எடுக்கவில்லை. அந்த வரி வருகிற பாட்டுக்கே ஸ்டீவி பின்பாட்டு பாடினார். பதிலுக்கு ஸ்டீவி எழுதியது ‘ட்ரீம்ஸ்’. அதற்கு கிட்டார் வாசித்து, பாட்டை அழகுபடுத்தியவர் லிண்ட்சி. கிறிஸ்டீன் தன் புதுக் காதலரை, குழுவின் மேடை விளக்குகளைக் கவனித்தவரை, நினைத்து ‘யூ மேக் லவிங் ஃபன்’ எழுதினார். முன்னாள் கணவரிடம் அது நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தார். அந்தப் பாட்டின் உயிரே பேஸ்தான், அதை வாசித்தது ஜான். பிரிவுக்குப் பிறகு நாளையை நினைத்துக்கொள் என்று ஜானுக்கு ஆறுதலாக கிறிஸ்டீன் எழுதிய ‘டோன்ட் ஸ்டாப்’ பாட்டை ஜான் பல வருடங்கள் மேடையில் வாசித்துவிட்டு, அது தனக்காக எழுதப்பட்டது என்பதைப் பிறகுதான் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொண்டார்.

வழக்கமான பிரிவுப் பாட்டில் ஒரு பக்க நியாயம்தான் இருக்கும். பாடுகிறவர் நல்லவர், போனவர் கெட்டவர். இங்கே ஒரே இசைத்தட்டில் இரண்டு பக்கமும் இருக்கிறது. லிண்ட்சி கோபப்படுகிறார். அடுத்த சில நிமிடங்களில் ஸ்டீவி கோபமே இல்லாமல், போகிறவனுக்கு வழிவிட்டு நிற்கிற குரலில் பதில் சொல்கிறார். கிறிஸ்டீன் இன்னொருவரோடு சந்தோஷமாக இருப்பதைப் பாடுகிறார். பிரிவை அனுபவித்த யாராக இருந்தாலும், அன்றைக்கு அவர் எந்த மனநிலையில் இருந்தாலும், இந்தத் தட்டில் அவருக்கு ஒரு பாட்டு இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியாக எழுதி, மூன்று பேரும் பாடக்கூடிய குழு ராக்கில் அபூர்வம்.

‘ட்ரீம்ஸ்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெரிய அறையில் வேலையாக இருந்த ஒரு நாள், ஸ்டீவி ஸ்டுடியோவுக்குள் இருந்த இன்னொரு அறைக்குப் போனார். பாடகர் ஸ்லை ஸ்டோனுக்காகக் கட்டிய, கறுப்பும் சிவப்புமான அறை. அங்கே ஒரு மின் பியானோ. ஒரு தாளத்தை ஓடவிட்டு, சிறிய கேசட் ரெக்கார்டரில் பத்து நிமிடத்தில் பாட்டை முடித்துவிட்டார். கிறிஸ்டீனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அதே சுரக்கட்டு, சலிப்பாக இருக்கிறது என்று பட்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. பாட்டின் பெரும்பகுதி எஃப், ஜி என்ற இரண்டே கார்டுகளில், அதாவது சேர்த்து வாசிக்கிற சுரக்கட்டுகளில், போகிறது. அந்தச் சலிப்பைப் போக்கியது லிண்ட்சி. ஒரே கார்டுகளின் மேல் மூன்று பகுதிகளை மூன்று விதமாக அமைத்தார். ஒரு பகுதியில் வெறும் பேஸும் ட்ரம்ஸும், மேலே புகை போல மிதக்கிற கிட்டார். அடுத்ததில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருகின்றன. கார்டு மாறவில்லை, ஆனால் கேட்கிறவர் வேறோர் இடத்துக்கு வந்துவிட்டதாக உணர்கிறார். தன்னை விட்டுப் போனவள் தன்னையே பற்றி எழுதிய பாட்டுக்காக ஒருவர் இவ்வளவு யோசித்து வேலை செய்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். சாசலிட்டோவில் பதிந்தவற்றில் ட்ரம்ஸையும் ஸ்டீவியின் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸில் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே சிங்கிள் (தனிப்பாட்டாக வரும் சிறிய ரெக்கார்ட்) இதுதான், 1977 ஜூனில்.

மிக், ஜான் இருவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. பாட்டு எழுதுகிறவர்கள் மேலேதான் வெளிச்சம் விழும். பத்து வருடமாகச் சேர்ந்து வாசித்த ஜோடி அவர்கள். ப்ளூஸ் பழகிய கை என்பதால் எங்கே வாசிக்கக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும். ‘கோ யுவர் ஓன் வே’க்கு லிண்ட்சி ஒரு தாளத்தை மனதில் வைத்து மிக்கிடம் வாசித்துக் காட்டினார். மிக்கால் அதை அப்படியே வாசிக்க முடியவில்லை. தன் கைக்கு வந்த மாதிரி டாம் ட்ரம்களில் இடம் மாற்றி மாற்றி அடித்தார். பாட்டு தொடங்கும்போது முதல் அடி எங்கே விழுகிறது என்று புரியாமல் ஒரு கணம் தடுமாறுகிறோமே, அது அந்த முடியாமையிலிருந்து வந்தது. லிண்ட்சி கேட்டபடியே வாசித்திருந்தால் அது இன்னொரு ராக் பாட்டாக முடிந்திருக்கும்.

ஒலிப்பதிவைக் குழுவோடு சேர்ந்து கவனித்தவர்கள் கென் கலே, ரிச்சர்ட் டாஷட் என்ற இருவர். இந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் இருக்கும். அதற்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ பாட்டில் கேட்கிற தட்டல், லிண்ட்சி ஒரு செயற்கைத் தோல் நாற்காலியைத் தட்டியது. ‘நெவர் கோயிங் பேக் அகைன்’ பாட்டின் கிட்டாருக்கு, தந்தி புதுசாக இருக்கிறபோது வருகிற பளிச்சென்ற சத்தம் வேண்டும் என்பதற்காகச் சற்று நேரத்துக்கு ஒருமுறை எல்லாத் தந்திகளையும் கழற்றிப் புதிது மாட்டினார்கள். ‘கோல்ட் டஸ்ட் வுமன்’ பாட்டில் மிக் கண்ணாடிப் பலகைகளை உடைத்த சத்தம் இருக்கிறது.

‘சாங்பேர்ட்’ இன்னொரு மாதிரி. கிறிஸ்டீனுக்கு நடு இரவில் தூக்கம் கலைந்து அரை மணி நேரத்தில் வந்த பாட்டு அது. பதிந்துவைக்க அந்த நேரத்தில் எதுவும் கையில் இல்லை. மறந்துவிடுமோ என்ற பயத்தில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு தூங்காமலே இருந்தார். அதை ஸ்டுடியோவில் பதிந்தால் அந்தத் தனிமை வராது என்று நினைத்த கென் கலே, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உள்ள ஸெல்லர்பாக் அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார். ஆளில்லாத அரங்கம், ஒரு பெரிய பியானோ, அதன்மேல் ஒரு பூங்கொத்து, மேலே விளக்கு. அந்தக் காலி அரங்கத்தின் காற்றும் பாட்டில் பதிந்திருக்கிறது.

இப்போது பாட்டைப் பதிந்த டேப் தேய்ந்துபோன கதை. பலர் இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறார்கள், உண்மையில் நடந்ததுதான். அந்தக் காலத்தில் 24 தடங்கள் கொண்ட, இரண்டு அங்குல அகல டேப்பில்தான் பதிவார்கள். டேப்பின் மேல் பூசியிருக்கும் ஆக்சைடு துகள்தான் ஒலியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது இயந்திரத்தின் தலையில் உராய்ந்து கொஞ்சம் உதிரும். இவர்கள் மாதக்கணக்காக ஒரே டேப்பை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, மேலே குரலும் கிட்டாரும் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் ட்ரம்ஸின் கூர்மை மழுங்கிவிட்டது. உயர்ந்த சுருதியில் கேட்கிற ஒலிகள் மங்கிப்போயின. என்ன செய்தும் திரும்பவில்லை, ஏனென்றால் அந்த ஒலி டேப்பிலேயே இல்லை. நல்ல காலம், சாசலிட்டோவில் அடிப்படை வாசிப்பைப் பதிந்தபோது இரண்டு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் பதிந்திருந்தார்கள். இரண்டாவது டேப் தொடாமல் புதுசாக இருந்தது. ஆனால் இரண்டு டேப்புகளையும் ஒரே வேகத்தில் ஒட்டி ஓட்ட அவர்களிடம் வசதி இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தொழில்நுட்பக்காரர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு காதில் பழைய டேப்பின் ட்ரம்ஸ், மறு காதில் புதிய டேப்பின் ட்ரம்ஸ் என்று கேட்டுக்கொண்டே, வேகத்தை மாற்றும் திருகைக் கையாலேயே திருகித் திருகி இரண்டையும் சேர்த்து ஓட்டினார். அப்படித்தான் பழைய டேப்பில் இருந்த குரல்களும் கிட்டார்களும் புதிய டேப்புக்குப் போய்ச் சேர்ந்தன. கண்ணிமைக்கும் நேரம் பிசகினாலும் பாட்டு குளறிவிடும். இன்று நாம் கேட்கிற அந்தத் துல்லியம் அவருடைய காதும் விரலும் காப்பாற்றிக் கொடுத்தது.

‘த செயின்’ பாட்டும் டேப்பை வெட்டி ஒட்டியே பிறந்தது. கிறிஸ்டீன் தொடங்கிய ஒரு பாட்டு சரியாக வரவில்லை. அதன் கடைசிப் பகுதி மட்டும் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஜானின் பேஸ் தனியாக இறங்கி வருகிற அந்த இடம். முன்பகுதியை வெட்டி எறிந்தார்கள். ஸ்டீவி தனியாக எழுதி வைத்திருந்த வரிகளைக் கொடுத்தார். லிண்ட்சி தன் பழைய பாட்டு ஒன்றின் கிட்டார் தொடக்கத்தைக் கொண்டுவந்தார். ரேஸர் பிளேடால் டேப்பை வெட்டித் துண்டுகளை ஒட்டினார்கள். ஆல்பத்தில் ஐந்து பேரின் பெயரும் எழுதியவர்களாகப் போடப்பட்ட ஒரே பாட்டு இது. சங்கிலியை அறுக்க முடியாது என்று பாடுகிற பாட்டே துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. பிரிட்டனில் பிபிசி 1978லிருந்து கார்ப் பந்தய ஒளிபரப்புக்கு அந்த பேஸ் பகுதியைத்தான் முகப்பிசையாக வைத்திருந்தது. பாட்டின் பெயர்கூடத் தெரியாத பலர் அங்கே அந்தப் பத்து சுரத்தைக் கேட்டால் கார்ப் பந்தயம் என்பார்கள்.

இதெல்லாம் முடிந்து 1977 பிப்ரவரி 4ஆம் தேதி ஆல்பம் வெளிவந்தது. பெயரைச் சொன்னது ஜான். எல்லோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் வதந்தி மாதிரி பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறோமே என்றாராம். வம்பின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஐந்து பேரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்துப் படம் எடுத்து அட்டையில் போட்டது. குழுவே தன் கதையை மறைக்கவில்லை. அதனால் கூட்டம் கூடியது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்தது ரேடியோ. 1976 டிசம்பரில் ‘கோ யுவர் ஓன் வே’, அடுத்த மார்ச்சில் ‘ட்ரீம்ஸ்’, அப்புறம் ‘டோன்ட் ஸ்டாப்’, வருடக் கடைசிக்குள் ‘யூ மேக் லவிங் ஃபன்’ என்று நான்கு சிங்கிள்கள். நான்கும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தன. லிண்ட்சி பாடியது ஒன்று, ஸ்டீவி பாடியது ஒன்று, லிண்ட்சியும் கிறிஸ்டீனும் சேர்ந்து பாடியது ஒன்று, கிறிஸ்டீன் பாடியது ஒன்று. ஒவ்வொரு முறையும் வேறு குரல் என்பதால் கேட்கிறவர்களுக்கு அலுக்கவே இல்லை. ஆல்பம் மொத்தம் 31 வாரம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 1978ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது.

ஒரு நல்ல பாட்டு மட்டும் வெளியே நின்றுவிட்டது. ஸ்டீவி எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 22 நிமிடம் வரைதான் நன்றாக ஒலிக்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். பாட்டு நீளம், நடையும் மெதுவானது. அதை எடுத்துவிடப் போகிறோம் என்று மிக் ஸ்டீவியிடம் சொன்னது ஸ்டுடியோவின் கார் நிறுத்துமிடத்தில். ஸ்டீவி அழுது ஆத்திரப்பட்டார். அதை ‘கோ யுவர் ஓன் வே’ சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டார்கள். லிண்ட்சியின் புகார் ஒரு பக்கம், ஸ்டீவியின் பதில் தட்டைத் திருப்பினால் மறுபக்கம். 1997ல் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்து நடத்திய கச்சேரியில் ஸ்டீவி அதை லிண்ட்சியை நேராகப் பார்த்துக்கொண்டே பாடினார். இருபது வருடம் தாமதமாக அந்தப் பாட்டுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. ஆல்பத்தில் அது இல்லாமல் போனது தவறு என்றே இன்றும் சொல்வேன். ஒலித்தரத்தைப் பற்றிய அவர்கள் கணக்கு சரியாக இருந்தாலும்கூட.

வம்பால்தான் விற்றதா என்ற உங்கள் கேள்விக்கு நேரான சாட்சி 1979ல் இருக்கிறது. அதே ஐந்து பேர், அதே மனக்கசப்பு, அதே கென் கலேயும் ரிச்சர்ட் டாஷட்டும். ‘ரூமர்ஸ்’ மாதிரி இன்னொன்று செய்ய மாட்டேன் என்று லிண்ட்சி பிடிவாதமாக நின்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ‘டஸ்க்’ என்ற இரட்டை ஆல்பம் செய்தார்கள். தைரியமான வேலை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் லிண்ட்சியின் பாட்டுகள் பல அதில் கரடுமுரடாக, தனியாக, மற்றவர்களின் கை படாமல் நிற்கின்றன. விற்பனை ‘ரூமர்ஸ்’ பக்கத்தில்கூட வரவில்லை. வம்பு குறையவில்லை. ஒருவர் பாட்டுக்குள் இன்னொருவர் புகுந்து வேலை செய்த அந்தப் பழக்கம்தான் குறைந்திருந்தது.

2020ல் ஒருவர் சக்கரப் பலகையில் சாலையில் போய்க்கொண்டே பழச்சாறு குடித்தபடி ‘ட்ரீம்ஸ்’ பாட்டுக்கு வாயசைக்கிற சிறிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. 43 வருடம் பழைய பாட்டு மறுபடி பட்டியலில் ஏறியது, ஆல்பமும் அமெரிக்காவில் மீண்டும் முதல் பத்துக்குள் வந்தது. அதைப் பகிர்ந்த இளைஞர்களில் பலருக்கு லிண்ட்சி யார், ஸ்டீவி யாரைப் பிரிந்தார் என்பதெல்லாம் தெரியாது.

நீங்கள் இன்னும் முழுதாகக் கேட்டதில்லை என்றால், நல்ல ஹெட்ஃபோனில் ‘ட்ரீம்ஸ்’ போட்டு, முதல் முறை ஸ்டீவியின் குரலை விட்டுவிடுங்கள். ஜானின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் இரண்டே சுரம், எங்கும் அவசரம் இல்லை. இரண்டாவது முறை லிண்ட்சியின் கிட்டார் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, எந்த இடத்தில் விலகி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாவது முறை குரலைக் கேளுங்கள்.